‘வலிந்து’ என்றால் தானாக முன்வந்தா, பலவந்தமாகவா?

கேள்வி: மெய்ப்புத் திருத்துநர், சென்னை

அனைவருக்கும் வணக்கம்.

சிறிய பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் பணியில் இருக்கிறேன். வவுனியாவில் வாழும் எழுத்தாளர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் தொடர் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. பிடித்துச் செல்லப்பட்டு, இருக்குமிடம் மறைக்கப்பட்டவர்களை அது குறிக்கிறது. முதற்படியில் ‘வலிந்து’ என்பதைச் சுழித்துவிட்டு ‘வலுக்கட்டாயமாக’ என்று மாற்றியிருந்தேன். நான் வளர்ந்த மதுரைப் பக்கத்தில் ‘வலிய வந்தான்’, ‘வலியப் போய்ப் பேசினாள்’ என்றால் யாரும் அழைக்காமல் தானாக முன்வந்து செய்ததாகவே பொருள். வீட்டுக்கு வந்த நல்ல வரன் ஒன்றை என் அத்தை தட்டிக் கழித்தபோது, ‘வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறாளே’ என்று பாட்டி புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. பேச்சில் ‘வலிய’ என்பது எழுத்தில் ‘வலிந்து’ என்று வருகிறது. ‘வலிந்து சென்று உதவினார்’ என்று நாமே எழுதுகிறோம். ஆகவே அந்தத் தொடரை முதன்முறையாகப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு, அவர்கள் தாங்களாக விரும்பி மறைந்துபோனார்கள் என்ற நேர்மாறான எண்ணம் ஒரு கணமேனும் தோன்றிவிடுமோ என்று அஞ்சியே மாற்றினேன்.

திருத்திய படியைப் பார்த்த ஆசிரியர், நான் சுழித்த ஒவ்வோர் இடத்திலும் பச்சை மையால் ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரிடத்தில் மட்டும் பக்க விளிம்பில் ‘இது எங்கள் சொல்’ என்று கூடுதலாக எழுதியிருந்தார். அவர் விருப்பப்படி விடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் காரணம் புரியாமல் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. ஒரே சொல் ‘தானாக’ என்றும் ‘பிறருடைய பலத்தால்’ என்றும் எப்படிப் பொருள் தர முடியும்? கட்டாயம், வலுக்கட்டாயம், நிர்ப்பந்தம், பலவந்தம் ஆகியவற்றுள் ஒன்றை அந்த இடத்தில் வைத்தால் பொருள் எந்த அளவுக்கு மாறும்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் திருத்தம் தேவையற்றது என்பதே என் கருத்து. சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘வலி’ என்ற உடனே இன்று நமக்கு நோவுதான் நினைவுக்கு வருகிறது. தலைவலி, பல்வலி என்று அன்றாடம் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லின் மற்றொரு பொருளை ஏறத்தாழ மறந்துவிட்டோம். ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்’ என்று வள்ளுவர் அடுக்கும் இடத்தில் வலி என்பது வலிமை. அந்த வலிமையைச் செலுத்துவதுதான் வலிதல். இயல்பாக நடக்காத ஒன்றை, ஒருவர் தம்முடைய பலத்தை உள்ளே செலுத்தி நடத்தினால் அதை ‘வலிந்து’ செய்தார் என்கிறோம். இந்த ஒரு பொருளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டால், முரண்பாடு போலத் தெரிவதெல்லாம் தெளிந்துவிடும்.

அழைப்பில்லாத வீட்டுக்குப் போவது இயல்பன்று. போகிறவர் தம் கூச்சத்தைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எனவே ‘வலியப் போனார்’ என்கிறோம். சண்டைக்குக் காரணமே இல்லாத இடத்தில் காரணத்தை உண்டாக்கிக்கொண்டு மோதுகிறவனை ‘வலுச்சண்டைக்குப் போகிறான்’ என்கிறோம். சிரிப்பு வராத நேரத்தில் ஒருவர் ‘வலிந்து சிரித்தார்’ என்றால், அவருடைய பலம் அவருடைய முகத்தின் மீதே செலுத்தப்படுகிறது. பாட்டில் இல்லாத கருத்தை உரைகாரர் ஏற்றிச் சொன்னால் ‘வலிந்து பொருள் கொண்டார்’ என்று குறை கூறுகிறோம். அங்கே பலவந்தத்துக்கு ஆளாவது பாட்டு. இந்த நான்கு இடங்களிலும் பலத்தைச் செலுத்துகிறவர் செயலைச் செய்கிறவரே. அந்தப் பலம் யார்மீது, எதன்மீது போய் விழுகிறது என்பதை ‘வலிந்து’ என்ற சொல் சொல்வதில்லை. அதைத் தொடர்ந்து வரும் முற்றுவினைதான் அதைச் சொல்கிறது. ‘வந்தான்’ என்பது தன்னோடு முடியும் செயல். ஆதலால் வலிந்து வந்தவன் தானாக வந்தவன் ஆகிறான். ‘ஆக்கினான்’ என்பதற்கோ ஒரு செயப்படுபொருள் வேண்டும். எனவே வலிந்து ஆக்கினான் என்றவுடன் அந்தப் பலம் வேறொருவர்மீது பாய்கிறது.

அடுத்து இலக்கணம். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் வினைமுதலையே கொண்டு முடியும், அதாவது எச்சத்தின் செயலைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்தவராக இருப்பார் என்பது தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் பொதுவான விதி. செயப்பாட்டுவினையிலும் இதுவே நிற்கிறது. ‘வெட்டிக் கொல்லப்பட்டார்’ என்று நாளிதழில் படிக்கும்போது, வெட்டியவரும் கொல்லப்பட்டவரும் ஒருவரே என்று எவரும் எண்ணுவதில்லை. ‘அடித்து விரட்டப்பட்டார்’, ‘கட்டி இழுத்து வரப்பட்டார்’ என்பனவும் இவ்வாறே. செயப்பாட்டுவினையில் எழுவாயாக நிற்பவர் செயலுக்கு ஆளானவர். எச்சத்தின் வினைமுதலோ தொடரில் பெயர் சொல்லப்படாமல் மறைந்து நிற்கும் மற்றொருவர். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதில் வலிந்தவர் ஆக்கியவரே. தொடரின் அமைப்பில் குற்றம் காண இடமில்லை. உங்களுக்குத் தடுமாற்றம் வந்ததற்குக் காரணம், ‘வலிய வந்தான்’ என்ற பழகிய தடத்தில் செவி முன்கூட்டியே ஓடிவிட்டதுதான்.

கட்டாயம் என்பது வேறு வகை. அதற்குச் செய்கிறவர் ஒருவர் முன்னால் நிற்க வேண்டியதில்லை. விதி போதும், வழக்கம் போதும். கட்டாய ஓய்வு, கட்டாயத் தலைக்கவசம், கட்டாயப் பாடம் என்பவற்றையெல்லாம் ஆணை ஒன்று நடத்துகிறது. 1938இல் சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி புகுத்தப்பட்டபோது எழுந்த ‘கட்டாய இந்தி’ என்ற தொடரும் அத்தகையதே. பின்னர் ‘இந்தித் திணிப்பு’ என்ற தொடர் அதைவிட வேரூன்றியதற்கு, திணிப்பு என்றவுடன் திணிக்கிற கை கண்ணுக்குத் தெரிந்துவிடுவதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கட்டாயத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ‘திருமணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும்’ என்று அழைப்பிதழ் கொடுப்பவரும், ‘கட்டாயம் வருகிறேன்’ என்று வாங்கிக்கொள்பவரும் எவரையும் வருத்துவதில்லை. அங்கே அந்தச் சொல் ‘உறுதியாக’ என்ற பொருளுக்கு இளகிவிட்டது. ‘கட்டாயம் காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று யாரேனும் எழுதினால் எவ்வளவு விபரீதமாகும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ‘வலுக்கட்டாயமாக’ அந்த விபத்திலிருந்து தப்பிவிடுகிறது. ஆனால் அதிலும் ‘வலு’ என்ற வடிவில் நின்று காப்பாற்றுவது அதே வலிதான்.

இதையொட்டி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வற்புறுத்துதல் என்பதை இன்று விரும்பாதவரை இணங்கச் செய்தல் என்ற பொருளில் வழங்குகிறோம். குறுந்தொகையின் துறைக் குறிப்புகளைப் புரட்டினால், பிரிந்து போன தலைவனை நினைத்து வாடும் தலைவியைத் தோழி ‘வற்புறுத்துகிறாள்’. அவன் வருவான், நீ ஆற்றியிரு என்று அவள் மனத்துக்கு வன்மை ஊட்டுகிறாள் என்பது அதன் பொருள். பிறருக்கு வலிமை தருவதைக் குறித்த சொல், பிறர்மீது வலிமையைச் செலுத்துவதைக் குறிக்க வந்துவிட்டது. எனவே வலியின் குடும்பத்துச் சொற்கள் இரு பக்கமும் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கமன்று.

மறுமொழி 2: பத்திர எழுத்தர், தஞ்சாவூர் மாவட்டம்

ஆசிரியர் ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். நிர்ப்பந்தம் என்ற சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் எழுதிவரும் சொல் அது.

எங்கள் தொழிலில் எந்தப் பத்திரமானாலும் முடிவில் ‘எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, சுயபுத்தியுடனும் முழு மனச் சம்மதத்துடனும் எழுதிக் கொடுத்த’ என்ற வரி வந்தே தீரும். இந்த வரியை நான் அதிகமாக எழுதியிருப்பது விடுதலைப் பத்திரங்களில். அப்பா இறந்த பிறகு அக்காளும் தங்கையும் தங்கள் பாகத்தை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தபின் இந்தப் பத்திரங்களுக்குக் குறைவே இல்லை. ஒருமுறை அறுபது வயது கடந்த அம்மாள் ஒருவர் என் எதிரில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தார். நான் வரியை வாசித்துக் காட்டி, ‘நிர்ப்பந்தம் ஏதும் இல்லையே, அம்மா?’ என்று வழக்கம்போலக் கேட்டேன். அந்த அம்மாள் திரும்பித் தம்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு மைப்பெட்டியின் பக்கம் பெருவிரலை நீட்டி, ‘எழுதிக்கங்க. நாளைக்கு எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும்ல?’ என்றார். தம்பி ஒரு வார்த்தை மிரட்டியதில்லை; கையைப் பிடித்ததில்லை. ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்ற குறள் அரசனைப் பற்றியது என்றாலும், அன்று எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நான் சொல்ல வருவது என்னவென்றால், நிர்ப்பந்தத்தில் செயலைச் செய்கிறவர் பாதிக்கப்பட்டவரே. ரேகை வைத்தது அந்த அம்மாளின் விரல். வடமொழியில் விடாப்பிடி என்று பொருள்படும் சொல் தமிழுக்கு வந்து, வேறு வழியில்லாத நிலை என்று ஆகியிருக்கிறது. ‘நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டேன்’, ‘நிர்ப்பந்தத்தால் ஊரைவிட்டுப் போனேன்’ என்று தன்மையில் சொல்லலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 15ஆம் பிரிவு சொல்கிற மிரட்டலாலோ, 16ஆம் பிரிவு சொல்கிற தகாத செல்வாக்காலோ பெறப்பட்ட சம்மதம், பிறந்த கணத்திலேயே ஒன்றுமில்லாமல் போய்விடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் முன்வந்து மறுத்தால்தான் அது கலையும். அவர் கை போட்டது உண்மை என்பதால் அதுவரை அது நிற்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவர் எந்தச் செயலையும் செய்யவில்லை. அவருக்குத் தேர்ந்தெடுக்க ஒரு மோசமான வழிகூட வைக்கப்படவில்லை. ஆகவே நிர்ப்பந்தம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது. பலவந்தமாக என்று வேண்டுமானால் எழுதலாம். உடம்பின்மீது கை விழுகிற இடத்துக்கு உரிய சொல் அதுதான்.

மறுமொழி 3: வாசகர், யாழ்ப்பாணம்

வணக்கம். உங்கள் எழுத்தாளர் விளிம்பில் எழுதிய ‘இது எங்கள் சொல்’ என்ற குறிப்பைப் படித்ததனால் இதனை எழுதுகிறேன். இலக்கணம் பற்றி நெல்லை ஆசிரியர் ஐயா கூறியதற்கு மேல் என்னிடம் கூறுவதற்கு எதுவும் இல்லை. பாவனையைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ‘வலிந்து’ என்பதைத் தானாக முன்வந்து என்ற பொருளில் நாங்களும் பாவிக்கின்றோம். போர்க்காலப் பத்திரிகைகளில் ‘வலிந்த தாக்குதல்’ என்ற தொடர் அடிக்கடி வரும். எதிராளி தாக்குவதற்காகக் காத்திராமல் தாமே தொடங்குகின்ற தாக்குதல் என்பது அதன் கருத்து. ‘வலு’ என்பதோ எங்கள் பேச்சில் இன்னொரு வழியிலும் போயிருக்கிறது: ‘அவள் வலு கெட்டிக்காரி’ என்றால் மிகவும் கெட்டிக்காரி என்பதற்கு மேல் வேறு பொருள் இல்லை. ஆகையால் தமிழ்நாட்டில் ஒரு பொருள், இலங்கையில் மற்றொரு பொருள் என்று கோடு கிழித்துவிடுவது சரியாகாது. ஒரே வாயால் இரண்டையும் சொல்லுகின்றோம். எவருக்கும் மயக்கம் ஏற்படுவதில்லை.

இந்தத் தொடரில் எங்களுக்கு முக்கியமாக இருப்பது ‘வலிந்து’ அன்று, ‘ஆக்கப்பட்டோர்’ என்பதுதான். நீண்ட காலமாக ‘காணாமல் போனோர்’ என்றே எழுதி வந்தோம். 2013இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவையும் காணாமற்போனோர் ஆணைக்குழு என்றே சொன்னோம். 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்படி உருவான அலுவலகத்துக்கும் அந்தப் பெயரே வழங்குகின்றது. ஆனால் ‘போனோர்’ என்னும்போது போனவர்தான் எழுவாய். சந்தைக்குப் போனார், கோயிலுக்குப் போனார் என்பது போலக் காணாமலும் போனார் என்று அது சொல்லுகின்றது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தின் கொட்டகைக்குப் பின்னர் ஒரு நாள் நானும் போயிருந்தேன். மகனின் படத்தை மடியில் வைத்திருந்த தாய் ஒருவரிடம், கூட வந்த இளைஞர் ஒருவர் ‘உங்கடை மகன் எப்ப அம்மா காணாமல் போனவர்?’ என்று கேட்டார். அந்தத் தாய் கோபப்படவில்லை. படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, ‘போறதெண்டால் என்னட்டைச் சொல்லிப்போட்டெல்லோ போயிருப்பான். அவன் போகேல்லைத் தம்பி, ஆக்கிப்போட்டாங்கள்’ என்றார். இலக்கணப் புத்தகம் ‘தன்வினை, பிறவினை’ என்று கற்பிப்பதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

போனோர் ஆக்கப்பட்டோராக மாறியதும், ஆக்கியவருடைய செயலின் தன்மையைச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. பலவந்தமாக என்றும் வலுக்கட்டாயமாக என்றும் எழுதுகின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். ஆயினும் பதாகையில் எழுதுவதற்கும், ஊர்வலத்தில் ஒரே குரலில் சொல்லுவதற்கும், நினைவேந்தல் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பில் போடுவதற்கும் ‘வலிந்து’ என்ற நான்கெழுத்து வினையெச்சமே வசதியாக அமைந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 30ஆம் திகதியை இந்தப் பெயராலேயே நினைவுகூருகின்றோம். பல ஆண்டுகள் வெயிலில் இருந்து உரத்துச் சொல்லிச் சொல்லி நிலைபெற்ற தொடர் என்பதனால், அதனை ஒருவர் மேசையில் இருந்து மாற்றும்போது எழுத்தாளருக்கு நெஞ்சில் ஏதோ படத்தான் செய்யும். நீங்கள் மாற்றியது நல்லெண்ணத்தில் என்பது எனக்கு விளங்குகின்றது.

மறுமொழி 4: சட்ட மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

சிறிதளவு மாறுபட விரும்புகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதே போதுமானது. தாமாக ஒருவரும் ‘ஆக்கப்படுவதில்லை’. அந்தச் செயப்பாட்டு வினைக்குள் பலவந்தம் முழுவதும் அடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் மறைதல் என்னும் வினை தன்வினையாகவே வழங்கியதனால் அதற்கு முன்னால் ‘என்ஃபோர்ஸ்ட்’ (பலத்தால் நடத்தப்பட்ட) என்ற அடையைச் சேர்க்க வேண்டியிருந்தது. போ, ஆக்கு என்ற இரண்டு வினைகளைக் கையில் வைத்திருக்கும் தமிழுக்கு அந்த அடை கூடுதல் சுமை. மூலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரு சொல்லை வைத்தாக வேண்டும் என்ற மொழிபெயர்ப்பாளரின் பழக்கமே ‘வலிந்து’ நுழைந்ததற்குக் காரணம் என்பது என் கணிப்பு. நானும் அந்தப் பழக்கத்துக்கு அடிமைதான்.

அந்த அடை சட்டத்தின் முழுப் பொருளைச் சுமக்கிறதா என்றால் அதுவும் இல்லை. காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் காப்பதற்காக ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் வரையறைப்படி, பிடித்துச் சென்றது அரசின் ஆட்களாகவோ அரசின் ஒப்புதலோ ஆதரவோ இசைவோ பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். அதன்பின் பிடித்துச் சென்றதையே மறுக்கவோ, அந்த மனிதருக்கு நேர்ந்ததையும் அவர் இருக்குமிடத்தையும் மறைக்கவோ வேண்டும். கொள்ளைக்கூட்டம் ஒன்று தன் போக்கில் ஒருவரைக் கடத்தினால் அது பலவந்தம்தான், ஆனால் இந்த வரையறைக்குள் வராது. வலிந்து என்றாலும் பலவந்தமாக என்றாலும் அரசு என்ற சொல் வெளியே தெரிவதில்லை. இலங்கை இந்த உடன்படிக்கையை 2016இல் ஏற்புறுதி செய்தது. இந்தியா 2007இல் கையொப்பமிட்டதோடு நின்றுவிட்டது. ஆதலால் இங்கே இதற்கெனச் சட்டத் தமிழ் ஒன்று உருவாகும் தேவையே இதுவரை எழவில்லை.

கட்டாயத்துக்குச் செய்கிறவர் முன்னால் நிற்க வேண்டியதில்லை என்று ஆசிரியர் ஐயா கூறியதற்கு, நீதிமன்றத்திலிருந்து ஒரு சான்று தரலாம். 1982இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணிகளில் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காத தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு எது என்ற கேள்வி எழுந்தது. சாட்டையும் சங்கிலியும் இருந்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்கு உழைக்கத் தள்ளினால் அதுவும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொழிலாளியைப் பசி ‘வலிந்து’ வேலைக்கு அனுப்பியது என்று தமிழில் எழுத முடியாது. பசிக்கு அப்படியொரு முனைப்பு கிடையாது. கட்டாயத்தால் உழைத்தார் என்று எழுதலாம், நிர்ப்பந்தத்தால் என்றும் எழுதலாம்.

யாரைக் கட்டுகிறது என்பதையும் கட்டாயம் சொல்வதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ‘இலவச மற்றும் கட்டாயக் கல்வி’ என்கிறது. குழந்தையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துச் செல்வதாகவே பலரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். சட்டத்தின் 8ஆம் பிரிவு விளக்குவது வேறு: 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி தருவது அரசின் கடமை என்பதே அங்கே கட்டாயம். கட்டப்பட்டது அரசு.

மறுமொழி 5: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

கோயம்புத்தூர் நண்பர் சொன்னதில் பாதியை ஒப்புகிறேன். பசிக்கு வலிதல் கிடையாது என்பது மிக நுட்பமான கருத்து; எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஆனால் மிகை என்பதற்காக ஒரு சொல்லை நீக்கிவிட வேண்டும் என்றால், ‘கண்ணால் கண்டேன்’, ‘காதால் கேட்டேன்’ என்று சாட்சிக் கூண்டில் நின்று சொல்கிறவரையும் திருத்த வேண்டியிருக்கும். கண்ணால் அல்லாமல் வேறு எதனால் காண்பது? மறுக்கப்படும் என்று தெரிந்த இடத்தில் மனிதர்கள் மிகையாகத்தான் சொல்வார்கள். வரையறையிலேயே மறுப்பு அடங்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா?

கேட்டவரின் மறுமொழி: மெய்ப்புத் திருத்துநர், சென்னை

ஐயா அவர்களுக்கும் மற்ற நண்பர்களுக்கும் நன்றி. என் திருத்தங்கள் அனைத்தையும் இன்று காலையில் விலக்கிக்கொண்டேன். அடிக்குறிப்பு சேர்க்கலாமா என்று எழுத்தாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். ‘போனோர்’ எப்படி ‘ஆக்கப்பட்டோர்’ ஆனது என்பதை முன்னுரையிலேயே தாம் ஒரு பத்தியாக எழுதித் தருவதாகச் சொன்னார். அதுவே நல்லது என்று எனக்கும் பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருத்தங்களை விலக்குவதற்காக மூன்றாவது கட்டுரையைத் திரும்பப் படித்தபோது, ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனுக்காக’ என்ற வரிக்கு ஆறு வரி கீழே, அதே தாய் ‘எவரும் அழைக்காதபோதும் வலிந்து சென்று ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார்’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். முதற்படியில் மேலே இருந்த ‘வலிந்து’ மட்டுமே என் பேனாவுக்கு அகப்பட்டிருக்கிறது. கீழே இருந்ததை எந்தத் தடங்கலும் இல்லாமல் படித்துக்கொண்டு போயிருக்கிறேன்.